பங்களிப்பு அல்ல, பங்கேற்பு

நவம்பர் 14 நெருங்கினால் சென்னையில் அச்சாகும் பதாகைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் குழந்தை உரிமைகளைச் சொல்லும் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘வாழ்வுரிமை, வளர்ச்சி உரிமை, பாதுகாப்பு உரிமை, பங்களிப்பு உரிமை.’ முதல் மூன்றும் சரி. நாலாவது தப்பு. அது பங்கேற்பு உரிமை.

ஆங்கிலத்தில் பார்ட்டிசிபேஷன். லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பங்கு, ‘கபெரே’ என்றால் எடுத்தல். பங்கை எடுத்துக்கொள்வதுதான் வேர்ப்பொருள். தமிழில் பங்கு என்பதைப் பகு என்னும் வேரோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த முன்பாதியில் யாருக்கும் சண்டையில்லை. சிக்கல் பின்பாதியில். அளித்தால் நம் கையில் இருப்பது பிறருக்குப் போகிறது. ஏற்றால் நம் கைக்கு வருகிறது. திசையே வேறு.

இந்த வேறுபாடு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் புரியும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தார்களே, அந்தப் பிடித்தம்தான் பங்களிப்பு. அதே சொல்லைத் தூக்கிப் பிள்ளைகளின் உரிமைக்கு வைத்தால், பிள்ளைகள் சமூகத்துக்கு ஏதோ செலுத்தவேண்டும் என்றாகிறது. நடைமுறையும் சொல்லின் பின்னாலேயே போகிறது. ‘குழந்தைகளின் சமூகப் பங்களிப்பு’ என்று தலைப்புப் போட்ட நிகழ்ச்சிகளில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன? கடற்கரையில் குப்பை பொறுக்கும் வேலை, வெயிலில் பதாகை பிடிக்கும் வேலை, விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் வேலை. குப்பை பொறுக்குவது நல்ல காரியம்தான். ஆனால் அது கடமைக் கணக்கில் வரும். உரிமைக் கணக்கில் வராது.

உரிமை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் 12ஆம் பிரிவின் முதல் பகுதி இரண்டு விஷயம் சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. அந்தக் கருத்துக்கு வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து உரிய மதிப்புத் தரவேண்டும். பார்ட்டிசிபேஷன் என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. பின்னால் புழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமோ 3ஆம் பிரிவில் இதைத் தனி நெறியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்கிறாள். அவளை இல்லத்துக்கு அனுப்புவதா, சித்தி வீட்டுக்கா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் அவளுக்குப் ‘பங்களிக்கும் உரிமை’ உண்டு என்று எழுதினால், அவள் எதைக் கொடுக்கப்போகிறாள்? கேட்கப்படும் உரிமை அவளுடையது, கொடுக்கவேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்.

தமிழில் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. சண்டைக்குப் பேர்போன சொல், இருக்கட்டும். குடும்பச் சொத்தை விற்கவேண்டுமானால் பங்காளியின் கையெழுத்து வேண்டும். அவன் பணம் போட்டானா, உழைத்தானா என்று யாரும் கேட்பதில்லை. பிறந்ததாலேயே வந்த பங்கு அது. குழந்தையின் பங்கும் அப்படிப்பட்டதே.

பங்களிப்புக்காக வாதாடுகிறவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: ‘ஏற்பு என்றால் அடுத்தவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வது. ஏற்பது இகழ்ச்சி என்று ஔவையே சொல்லவில்லையா? அளிப்பு என்றால்தான் குழந்தை செயல்படுவது தெரியும்.’ ஔவை சொன்ன ஏற்றல் இரத்தல். பொறுப்பேற்பு, பதவியேற்பு, தலைமையேற்பு என்கிறோமே, அவற்றில் இரப்பு எங்கே வந்தது? உரிமையோடு கையில் எடுத்துக்கொள்வதைத்தான் அந்த ஏற்பு சொல்கிறது. அதுவும் உறுத்துகிறது என்பவர்கள் பங்கெடுப்பு என்று எழுதட்டும். லத்தீன் மூலத்துக்கு அது இன்னும் நெருக்கம். எனக்கு மறுப்பில்லை. பங்களிப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

பங்கேற்பும் தேய்ந்து வருகிறது என்பது வேறு கவலை. ‘பேரணியில் 500 மாணவர்கள் பங்கேற்றனர்’ என்று எழுதுகிறோம். அவர்கள் வரச் சொன்னதால் வந்தவர்கள். அதற்குக் ‘கலந்துகொண்டனர்’ போதும்.

குழந்தைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992-இல் எட்டுப் படிகளில் ஓர் ஏணி வரைந்து, கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பே அல்ல என்று ஒதுக்கினார். அந்த மூன்றையும் ஆட்டிவைத்தல், அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல் என்று சொல்லலாம். மூன்றாவதை, ஆங்கிலத்தில் டோக்கனிசம் என்பதை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அடையாளவாதம்’ ஆக்கிவிட்டார்கள். படிப்பவர் சாதி, மத அடையாள அரசியல் என்று நினைத்துக்கொள்கிறார். தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் ‘ஒப்புக்குச் சேர்த்துக்கிட்டோம்’ என்ற பேச்சு இருக்கிறது: ஆட்டத்தில் நிற்கலாம், அவுட் கணக்கில் வராது. இதைவிடப் பொருத்தமாக எந்த அகராதியும் தராது. ஆனால் கூடவே வரும் ‘சப்பாணி’யை விட்டுவிட வேண்டும். உடல் குறைபாட்டை இழிக்கும் சொல்லைக் குழந்தை உரிமை எழுத்தில் வைக்க முடியாது.

எழுதும்போது எது எங்கே என்று குழம்பினால், முடிவு யார் கையில் என்று பாருங்கள். வார்டில் விளையாட்டுத் திடல் அமைக்கிறார்கள். பிள்ளைகள் சுவரில் படம் வரைந்து கொடுத்தால் அது பங்களிப்பு. திறப்பு விழாவுக்கு வந்தால் கலந்துகொண்டார்கள். ஊஞ்சல் எங்கே, விளக்கு எங்கே, பெண் பிள்ளைகள் ஆட எந்த நேரம் என்று வரைபடம் முடியும் முன்பே அவர்களைக் கேட்டு, அதன்படி வரைபடத்தை மாற்றி, மாற்ற முடியாததற்குக் காரணத்தையும் அவர்களிடமே திரும்ப வந்து சொன்னால் அது பங்கேற்பு. கடைசியில் சொன்ன அந்தத் திரும்பி வருதல் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அது நடக்காத நிகழ்ச்சியின் அறிக்கையில் ‘கருத்துக் கேட்கப்பட்டது’ என்று மட்டும் எழுதுங்கள்.