அடுத்த வீட்டுச் செல்லப்பிராணியை நம் நாய் கடித்துவிட்டால்

கடிபட்ட நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு சிங்கப்பூரில் உள்ள எங்கள் விலங்கு மருந்தகத்துக்கு ஓடி வருபவர்களோடு, சில வேளைகளில் கடித்த நாயின் உரிமையாளரும் வந்துவிடுகிறார். அவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "எங்க நாய் இதுவரைக்கும் இப்படிப் பண்ணினதே இல்லை டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சற்று நிதானப்படுத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டால், வேறு பல செய்திகள் மெல்ல வெளிவரும். போன மாதம் மின்தூக்கிக் கதவு திறந்தபோது உள்ளே நின்ற பொமரேனியனைப் பார்த்து உடல் விறைத்து நின்றது. தீபாவளிக்கு வந்த உறவினரின் நாய்க்குட்டியை மூலையில் மடக்கி நகரவிடாமல் செய்தது. தாழ்வாரத்தில் பூனையைக் கண்டால் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு பாயப் பார்க்கும். வீட்டில் எல்லாரும் அதை விளையாட்டு என்று சிரித்துவிட்டிருக்கிறார்கள். கடிப்பதற்கு வெகு நாள் முன்பிருந்தே அந்த நாய் தன் நிலையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உரிமையாளரின் பொறுப்பு அந்த முதல் விறைப்பைக் கண்ட நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டாருக்கிடையே வரும் மனக்கசப்பில் பாதி, காயத்தைக் குறைத்து மதிப்பிடுவதால் வருவது. பெரிய நாய் ஒன்று நான்கைந்து கிலோ எடையுள்ள பூடல் வகைச் சிறு நாயைக் கவ்வி, இரண்டு மூன்று முறை உதறிவிட்டு விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேசைமீது கிடத்திப் பார்க்கும்போது விலாப்பக்கம் பென்சில் முனை நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் மட்டுமே தெரியும். இரத்தமும் அதிகம் இருக்காது. "சின்னக் காயந்தானே, மருந்து போட்டு அனுப்பிடுங்க" என்று இரு தரப்பும் சொல்லும். முடியை மழித்ததும் அந்தத் துளைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருநீலமாகக் கன்றிப்போயிருப்பது தெரியும். விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் காற்றுக் குமிழ்கள் நொறுங்குவது போல் உணர முடியும். நுரையீரலிலிருந்தோ மூச்சுக்குழாயிலிருந்தோ காற்று கசிந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. துளைக்குள் ஆய்வுக்கம்பியை விட்டால், தோல் தசையிலிருந்து பிய்ந்து தனியே நிற்பதால், அது எளிதாக முதுகுவரை போய்விடும். எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் முறிந்திருப்பதும் உண்டு.

பல்லால் வரும் கேட்டைவிட உதறலால் வரும் கேடு பெரிது. நாயின் தாடை அழுத்தத்தில் தசை நசுங்குகிறது. உதறும்போது தோலும் தசையும் வெவ்வேறு திசையில் இழுபட்டு, இரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. வயிற்றுச் சுவர் கிழிந்து குடல் தோலுக்கடியில் வந்து நிற்பதையும் பார்க்கிறோம். நசுங்கிய சதை உடனே இறந்துபோவதில்லை. எது பிழைக்கும், எது அழுகும் என்பது இரண்டு நாள் முதல் ஐந்து நாள்வரை போன பிறகே தெளிவாகும். நுரையீரலில் ஏற்பட்ட கன்றல், முதல் நாளைவிட இரண்டாம் நாளில் மோசமாகலாம். ஆகவேதான் "நேற்று நன்றாகத்தானே நடந்தது, இன்று ஏன் அறுவை சிகிச்சை என்கிறீர்கள்" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செலவு சில ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) போவதற்கும் இதுவே காரணம். மயக்க மருந்து, எக்ஸ்ரே, இறந்த சதையை அகற்றுதல், சீழ் வடிய குழாய் வைத்தல், நோய்க்கிருமிகளுக்கான மருந்து, மறுபடியும் ஒரு முறை திறந்து பார்த்தல் எனப் படிப்படியாகப் போகும் மருத்துவம் இது.

பூனைகளின் நிலை இன்னும் ஏமாற்றக்கூடியது. அவற்றின் தோல் மேலே சீக்கிரம் மூடிக்கொண்டு, கிருமிகளை உள்ளே அடைத்துவிடும். சில நாள் கழித்து வீக்கம், காய்ச்சல், சீழ்க்கட்டி என்று வரும். கடிபட்ட பூனை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டால் அது அமைதியாக ஓய்வெடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். முயல்களோ அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடியவை. காயமே இல்லாமல் தப்பியிருந்தாலும் அடுத்த சில மணி நேரத்தில் தீனி எடுக்காமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர நிலைதான்.

சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. அந்த நிம்மதி நமக்கு உண்டு. ஆனால் அதையே காரணமாக்கி, மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது கூடாது. காயத்தில் மஞ்சளோ பவுடரோ எண்ணெயோ வைத்தால், நாங்கள் அதையெல்லாம் கழுவி எடுத்த பிறகே உள்ளே பார்க்க முடியும். சுத்தமான துணியை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்து, ஒரு துண்டில் சுற்றி, தட்டையாகப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். ஈறு வெளிறியிருந்தாலோ மூச்சு இரைத்தாலோ வரும் வழியிலேயே மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

நாய்கள் பிணைந்துகொண்டிருக்கும்போது இடையில் கையை விடுவது மிகப் பெரிய ஆபத்து. செல்லப்பிராணியைக் காப்பாற்றப் போய்த் தம் விரல்களில் ஆழமான கடிக்காயத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். கவ்விப் பிடித்திருக்கும் வாயிலிருந்து சிறிய பிராணியைப் பிடித்து இழுத்தால் கிழிசல் பெரிதாகும். தண்ணீரை முகத்தில் ஊற்றலாம், குடையை விரித்து இடையில் நுழைக்கலாம். இரண்டு பெரியவர்கள் இருந்தால், கடிக்கும் நாயின் பின்னங்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கி, அது பிடியை விட்டதும் வளைவாகப் பின்னோக்கி இழுத்துச் செல்லலாம். அடிப்பதால் பிடி இறுகவே செய்யும்.

இந்தச் சம்பவங்கள் நம் ஊரில் நடக்கும் இடங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி வாசலும் தாழ்வாரத் திருப்பமும். தரைவீடுகளில் கார் வெளியேறும்போது திறந்து, மூடுவதற்கு நேரமெடுக்கும் வெளிக்கதவு. பூங்காக்களில் உள்ள நாய்த்திடல்களின் நுழைவாயில். மின்தூக்கிக் கதவு திறக்கும்போது இரண்டு நாய்கள் மூன்றடி இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கின்றன; எந்த நாய்க்கும் அது ஒவ்வாத தூரம். கதவுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில், சுவரோரமாக நின்று, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, உள்ளே நாய் இருந்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பது ஒரு நிமிட வேலை. இழுக்க இழுக்க நீளும் வகைக் கயிற்றைத் தயவுசெய்து அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பயன்படுத்தாதீர்கள். திருப்பத்தில் உங்கள் கண்ணுக்குப் படுமுன் உங்கள் நாய் அடுத்தவரின் நாய் முன் போய் நின்றிருக்கும்.

யார் கயிற்றைப் பிடிக்கிறார்கள் என்பதும் இங்கே மிக முக்கியமானது. முப்பது கிலோ நாயை நாற்பது கிலோ எடையுள்ள இல்லப் பணிப்பெண்ணிடமோ பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமோ வயதான தாத்தாவிடமோ கொடுத்தனுப்பிவிட்டு, நாய் பிய்த்துக்கொண்டு ஓடியதும் அந்தப் பெண்ணைத் திட்டுகிற வீடுகள் உண்டு. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நாய் வளர்க்கும் உரிமத்தில் இருப்பது அந்தப் பெண்ணின் பெயரில்லை. அந்த நாயைப் பிடித்து நிறுத்த அவரால் முடியுமா என்று வீட்டுக்காரர் ஒரு நாளாவது கூட நடந்து பார்த்திருக்க வேண்டும். முடியாதென்றால் வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

சட்டமும் உரிமையாளரைத்தான் கேட்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. பொது இடத்தில் கயிறின்றி விட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். பிட் புல், அகிதா, டோசா, ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற குறிப்பிட்ட இனங்களுக்கு இவற்றோடு பொது இடத்தில் வாய்ப்பூட்டு, கீழ்ப்படிதல் பயிற்சி, குறைந்தது 100,000 வெள்ளிக்கான காப்புறுதி முதலிய நிபந்தனைகளும் உண்டு. இந்தப் பட்டியலில் தம் நாய் இல்லையென்பதால் தமக்கு எந்தக் கவலையும் இல்லை என்று நினைப்பவர்கள் பலர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாயும், தத்தெடுப்புத் திட்டத்தின்கீழ் வந்த கலப்பின நாயும் ஒரு பூனையையோ முயலையோ கொல்லப் போதுமான பற்களோடுதான் இருக்கின்றன. இனத்தைவிட அந்த ஒரு நாயின் கடந்தகாலமே எனக்கு அதிகம் சொல்கிறது.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை நம்பி யாரும் நாய் வளர்க்க வேண்டாம். குரைப்பும் உறுமலும் எச்சரிக்கைகள். உறுமும்போதெல்லாம் அடித்து அடக்கினால், நாய் உறுமுவதை விட்டுவிடும். பயமும் கோபமும் அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். வாயை மூடி, உடலை முன்னே சாய்த்து, வாலை உயர்த்தி, இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாய், குரைக்கும் நாயைவிட அஞ்சத்தக்கது. அந்தப் பார்வை ஒரு சிறிய நாய்மீதோ பூனைமீதோ பதிந்தால், அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே திருப்பிக்கொண்டு நடந்துவிட வேண்டும்.

வாய்ப்பூட்டைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். "அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க டாக்டர்" என்று ஓர் அம்மா கேட்டார். பொறுப்பானவர் என்று நினைப்பார்கள் அம்மா, என்றேன். நம் வெயிலுக்கு, வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை ஆகாது. நாய் வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. வாய் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடைவகையே பொருத்தம். அதற்குள் தீனியை வைத்து, நாய் தானே மூக்கை நுழைக்கும்படி, ஓரிரு வாரம் வீட்டிலேயே பழக்கிவிட்டால் பிறகு கயிற்றைப் போலவே ஏற்றுக்கொள்ளும்.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டதால், ஒரே தளத்தில் நாயும் பூனையும் இருப்பது இனி வழக்கமாகும். பூனை வைத்திருப்போர் வாசற்கதவுக்கும் சன்னல்களுக்கும் வலையடிப்பது பூனை கீழே விழாமலிருக்க மட்டுமல்லாமல், தாழ்வாரத்தில் போகும் நாயிடமிருந்து காக்கவும் உதவும். இதைச் சொல்வதால், பூனை வெளியே வந்தது அதன் குற்றம், ஆகவே கடித்த நாய்மீது தவறில்லை என்று யாரும் வாதிட வேண்டாம். பூனை எங்கிருந்தாலும் நாய் கயிற்றில் இருந்திருக்க வேண்டும்.

கடித்துவிட்ட பிறகு செய்ய வேண்டியதில் முதலாவது, அங்கேயே நிற்பது. பயத்தில் நாயை இழுத்துக்கொண்டு வேறு மின்தூக்கியில் ஏறிப் போய்விடுபவர்களால்தான் ஒரு விபத்து பகையாக மாறுகிறது. பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் கொடுங்கள். மருந்தகத்துக்குக் கூடவே போங்கள். உங்கள் நாயின் தடுப்பூசி விவரத்தைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவர் காயங்களைப் படமெடுத்து, மருத்துவ அறிக்கையையும் கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் 1800-476-1600 என்ற எண்ணில் புகார் தரலாம். புகார் கொடுத்தால் நாயைக் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில் பேசாமல் இருந்துவிடுவோர் பலர். ஒவ்வொரு புகாரும் அப்படி முடிவதில்லை. என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள், நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்லலாம். அதே நாய் ஏற்கெனவே ஒரு முறை கடித்திருந்தால் அது பதிவில் இருப்பது அடுத்த பிராணியைக் காக்கும்.

பணவிஷயத்தில் பேசித் தீர்ப்பதே மேல். பேச முடியாத அளவுக்கு வார்த்தை முற்றிவிட்டால் சமூக சமரச நிலையத்தின் உதவியை நாடலாம். அதுவும் பலிக்காவிட்டால், செல்லப்பிராணி சட்டத்தின் பார்வையில் உடைமை என்பதால், மற்றவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் என்ற முறையில் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்க வழியுண்டு. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவைப்படாத மன்றம் அது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்பவருடையது என்பதால், சாட்சி சொல்லக்கூடிய அண்டை வீட்டாரின் தொடர்பை அன்றே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடித்த நாயையும் ஒரு வாரத்துக்குள் அதன் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலியோ பல்வலியோ காது நோயோ இருக்கும் நாய் எளிதில் எரிச்சலடையும். வயதான நாய்க்குப் பார்வை மங்கியிருந்தால், திடீரென எதிரே வருவது எதுவும் அதற்கு அச்சுறுத்தலாகும். வலிக்கு மருந்து கொடுத்ததும் குணம் தணிந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எந்தக் காரணமும் தென்படாவிட்டால் நடத்தைப் பயிற்சியாளரின் உதவி வேண்டும். அது முடியும்வரை அந்த நாயை ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில், வாய்ப்பூட்டோடும் குட்டைக் கயிற்றோடும், அதை நிறுத்தக்கூடிய பெரியவர் ஒருவரே கீழே கூட்டிச்செல்ல வேண்டும்.