எசென்ஷியல் வொர்க்கர்

2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டபோது எல்லார் வாயிலும் புழங்கிய சொல் இது. ஊர் முழுக்க வீட்டுக்குள் இருந்தாலும் வேலைக்குப் போயே தீரவேண்டியவர் என்று பொருள். செவிலியர், பேருந்து ஓட்டுநர், மளிகைக்கடைக் கல்லாவில் நிற்பவர், இறைச்சி ஆலையில் கத்தி பிடிப்பவர் எல்லாரும் இதில் அடக்கம்.

லத்தீனில் 'எஸ்ஸே' என்றால் இருத்தல். அதிலிருந்து பிறந்த 'எஸ்ஸென்ஷியா', ஒரு பொருளை அந்தப் பொருளாக்கும் உள்ளியல்பைக் குறித்தது. 'அது இல்லாமல் முடியாது' என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தொழிலாளர் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1941இல் பிரிட்டனில் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 'எசென்ஷியல் வொர்க்' ஆணையைக் கொண்டுவந்தார். அதன்படி தொழிலாளி அனுமதியில்லாமல் வேலையை விட முடியாது; சரி, முதலாளியும் அனுமதியில்லாமல் ஆளை நீக்க முடியாது. வாரக்கூலிக்கும் உத்தரவாதம் உண்டு. கட்டு இரண்டு பக்கமும் இருந்தது.

2020 அமெரிக்காவில் தொழிலாளி மேல் விழும் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் உள்ள பன்றி இறைச்சி ஆலையில் சுமார் 40 மொழிகள் பேசுகிறவர்கள் தோளோடு தோள் உரச நின்று வேலை செய்தார்கள். பலர் குடியேறிகள், அகதிகளாக வந்தவர்கள். குடியுரிமை பெறாதவருக்கு அங்கே வாக்கும் கிடையாது. அந்த வசந்தத்தில் 1,294 பேருக்குத் தொற்று, 4 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் ஆலையை மூடினார்கள். அதே மாதம் 28ஆம் தேதி, இறைச்சி ஆலைகள் இயங்கவேண்டும் என்று அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். மே மாதம் ஆலை திரும்பத் திறந்தது. பின்னர் பணியிடப் பாதுகாப்புத் துறை அறிவித்த அபராதம் 13,494 டாலர். உச்சவரம்பே அவ்வளவுதானாம்! நாடெங்கும் இறைச்சி ஆலைகளில் தொற்றியவர்களில், இன விவரம் தெரிந்தவர்களை எடுத்துக்கொண்டால், 87 விழுக்காட்டினர் சிறுபான்மை இனத்தவர்.

கூலிக் கணக்கும் வேடிக்கையானது. வேலை இழந்தவருக்கு மத்திய அரசு வாரம் 600 டாலர் கூடுதல் உதவி கொடுத்தது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரில் 40 மணி நேரம் கல்லாவில் நின்றவருக்குக் கிடைத்தது 290.

தமிழுக்கு வருவோம். நாளிதழ்கள் 'அத்தியாவசியப் பணியாளர்' என்று எழுதின. பிழையில்லை, வடமொழிச் சொல்தான். ஆனால் எனக்கு அது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். 'அத்தியாவசியப் பொருட்கள்' என்றே கேட்டு வளர்ந்த காது. 'முன்களப் பணியாளர்' போர்க்களத்துச் சொல். ஆங்கிலத்தின் 'ஃபிரண்ட்லைன்' என்பதற்குத்தான் அது நேர்.

நல்ல சொல் குறளிலேயே இருக்கிறது: 'நீரின்று அமையாது உலகு'. இன்றி + அமையாமை, இன்றியமையாமை. அது இல்லாமல் நிலைபெறாது என்பது பொருள். லத்தீன்காரர் 'இருத்தல்' என்றதற்கு நம் 'அமைதல்' எவ்வளவு பக்கம் பாருங்கள்.

ஆகவே 'இன்றியமையாப் பணியாளர்' என்று எழுதலாம். ஒரே சிக்கல், இந்தத் தொடரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். இன்றியமையாத பணியைச் செய்பவர் என்பது ஒன்று; தானே இன்றியமையாதவரான பணியாளர் என்பது மற்றொன்று. மேடையிலும் விளம்பரத்திலும் இரண்டாவது பொருளில்தான் கைதட்டினார்கள். ஆணைகள் பேசியது முதல் பொருளை. அரசாணையையோ சட்டத்தையோ மொழிபெயர்க்கிறவர்கள் குழப்பமில்லாமல் 'இன்றியமையாப் பணி செய்வோர்' என்றே போடட்டும்.