பி.இ. ரேஷியோ: வருவாயா, ஈட்டலா, மடங்கா?

மஞ்சக்குப்பத்துல இருக்கிற மச்சான் போன வாரம் போன் பண்ணி, "ஒரு ஸ்டீல் கம்பெனி ஷேரு மாப்ள, பி.இ. வெறும் 6தான், சும்மா கெடைக்குது, அள்ளிடலாமா"ன்னான். அவன் பாக்குற ஆப்புல தமிழ்ல "விலை வருவாய் விகிதம்"னு போட்டிருக்காம்.

கொழப்பமே அந்த வருவாய்லதான். பி பிரைஸு, இ ஏர்னிங்ஸு. ஏர்னிங்ஸ்னா கல்லாவுக்கு வர்ற மொத்த காசு இல்ல, சம்பளம், வட்டி, வரின்னு எல்லாம் போக கடைசியா நிக்கிற நிகர லாபம், அதை ஷேர் எண்ணிக்கையால வகுத்தா ஒரு ஷேருக்கு இவ்ளோன்னு வரும், ஷேர் வெலைய அதால வகுத்தா வர்றதுதான் பி.இ. ஏர்னிங்ஸை வருவாய்னு எழுதுனா நம்மாளு விற்பனைன்னுதான் நெனச்சுக்குவான்.

ஏர்ன்ங்கிற சொல்லோட வேரு அறுவடைக் கூலி வேலை, ஜெர்மன்ல இன்னிக்கும் அறுவடைக்கு எர்ன்ட்டேன்னுதான் பேரு. நம்மகிட்ட ஈட்டல் இருக்கு, 385வது குறள்லயே வருது, அவ்ளோ தூரம் ஏன், கவர்மெண்ட் ஸ்டாஃப் இ.எல். (ஏர்ன்ட் லீவு) லெட்டர்ல எழுதுற "ஈட்டிய விடுப்பு" அதேதான். ரேஷியோ லத்தீன் சொல்லு, கணக்குன்னு அர்த்தம். என்னைக் கேட்டா விகிதத்தை விட மடங்குதான் பொருத்தம், வெல லாபத்தைப் போல எத்தனை மடங்குன்னுதானே பாக்குறோம், அதனால "லாப மடங்கு". விலை ஈட்டல் விகிதம்னு எழுதுறதும் தப்பில்ல, வாய்லதான் நிக்காது.

சரி, மச்சானோட 6க்கு வருவோம். பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரித் தோப்பு, வெல 20 லட்சம், செலவு போக வருஷம் 1 லட்சம் நிக்குதுன்னு வைங்க, லாப மடங்கு 20. நல்லா காய்ச்சு 2 லட்சம் வந்த வருஷம் 10. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சு மரமெல்லாம் வேரோட சாஞ்சுதே, அது மாதிரி ஒண்ணு வந்து தோப்பு 10 லட்சத்துக்கு எறங்கி லாபம் 10 ஆயிரத்துல நின்னா மடங்கு 100! வெல பாதியாப் போச்சு, பி.இ. அஞ்சு பங்கு ஏறிப்போச்சு. வகுக்குறப்ப கீழ இருக்கிற லாபம் ஆடுனா மேல இருக்கிற வெல என்ன பண்ணாலும் அப்படித்தான். ஸ்டீலு, சர்க்கரை மாதிரி ஏறி எறங்குற தொழில்ல லாபம் உச்சியில இருக்கிறப்பதான் பி.இ. சீப்பா தெரியும், நஷ்டம்னா அந்த எண்ணுக்கே அர்த்தம் கெடையாது.

கணக்கு போடுற விதம் மாறுனாலும் மாறும். 2021 மார்ச் கடைசியில என்.எஸ்.இ. பங்குச் சந்தை, 50 பெரிய கம்பெனிங்களோட குறியீடான நிஃப்டிக்கு தனிக் கம்பெனி லாபத்தை விட்டுட்டு துணைக் கம்பெனிங்களையும் சேத்த லாபத்தை எடுக்க ஆரம்பிச்சப்ப, 40 சொச்சம் இருந்த பி.இ. ஒரே நாள்ல 33 பக்கம் வந்துடுச்சு, மார்க்கெட் அப்படி ஒண்ணும் விழல. இதனாலதான் முதலீட்டு குரு பெஞ்சமின் கிரஹாம் ஒரு வருஷ லாபத்தை நம்பாம பல வருஷ சராசரி எடுக்கச் சொன்னாரு, பொருளாதார நிபுணர் ராபர்ட் ஷில்லர் விலைவாசியையும் சரிபண்ணி 10 வருஷம் எடுத்தாரு.

மச்சான்கிட்ட அந்தக் கம்பெனியோட பத்து வருஷ லாபத்தை ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாடான்னேன். இன்னும் ஆளக் காணோம்.