ஏரோசால்: தூசிப்படலமா, மிதவைத்துகளா?

'ஏரோசால்' என்றதும் பலருக்கு வாசனைத் திரவிய டப்பாவோ கொசு மருந்துத் தெளிப்பானோதான் நினைவுக்கு வரும். அது அச்சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிய பொருள். அறிவியலில் ஏரோசால் என்பது, திட அல்லது திரவ நுண்துகள்கள் சட்டென்று படிந்துவிடாமல் மிதந்துகொண்டிருக்கும் காற்று. புகை, மூடுபனி, கடற்கரையில் உதட்டில் கரிக்கும் உப்புக்காற்று எல்லாம் இதில் அடங்கும்.

காற்றைக் குறிக்கும் கிரேக்க வேர் 'ஏரோ'. கரைசலைக் குறிக்கும் சொல்லின் தலைப்பகுதி 'சால்'. நீரில் நுண்துகள் பரவிய கூழ்மத்துக்கு ஹைட்ரோசால் என்ற பெயர் வேதியியலில் முன்பே இருந்தது. நீரின் இடத்தில் காற்றை வைத்ததும் ஏரோசால் ஆயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் வேதியியலர் ஃபிரெடரிக் டோனன் இதை உருவாக்கினார் என்பர். போருக்குப் பின் வானிலையியல் இதை எடுத்துக்கொண்டது. வேதியியலாருக்கு இது துகளும் காற்றும் சேர்ந்த கலவையின் பெயர்; காலநிலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் துகளை மட்டுமே இப்படி அழைக்கிறார்கள். தமிழாக்கத்தில் நேரும் குழப்பத்துக்கு இதுவே வேர்.

தமிழில் 'தூசிப்படலம்', 'காற்றுக்கரைசல்' போன்றவை புழங்குகின்றன. காற்றுக்கரைசல் வேதியியல் பாடத்துக்குப் பொருந்தும். ஆனால் மேகத்தைப் பற்றிப் பேசும்போது தூசிப்படலம் என்று எழுதுவது தவறான படத்தைத் தருகிறது என்பது என் உறுதியான கருத்து. கந்தக அமிலத் திவலை தூசியல்ல, கடலுப்பும் தூசியல்ல. தூசி என்றாலே துடைத்தெறிய வேண்டிய அழுக்கு என்று மனம் முடிவு செய்துவிடும். இத்துகள்கள் இல்லாவிட்டால் மேகமே இல்லை என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

இதைச் சோதனையால் காட்டியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன். 1880 வாக்கில், பஞ்சில் வடிகட்டிய காற்றுக்குள் நீராவியைச் செலுத்தினார், பனிமூட்டம் உண்டாகவில்லை. வடிகட்டாத காற்றில் உடனே உண்டானது. துகளே இல்லாத காற்றில் நீராவி தானாகத் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் பல நூறு விழுக்காடு இருக்க வேண்டும். இயற்கை மேகத்திலோ அது 101 விழுக்காட்டைத் தாண்டுவதே அரிது. ஆகவே ஒவ்வொரு மேகத்துளிக்கும் உள்ளே ஒரு துகள் கருவாக இருக்கிறது.

வெப்பமண்டலக் கடலின் மேல் அந்தக் கருக்களைக் கடலே தருகிறது. அலை நுரை உடையும்போது உப்புத்துகள் பறக்கிறது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிரிகள் (பிளாங்க்டன்) வழியே உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு காற்றில் மாறிக் கந்தகத் துகளாகிறது. எரிமலையும் தரும்: ஹவாயின் கிலாவேயா 2008இல் கந்தக டைஆக்சைடை மிகுதியாகக் கக்கியபோது, காற்று போன திசையில் மேகத்துளிகள் சிறுத்தன.

துளி ஏன் சிறுக்கிறது? நீர் அளவு மாறாமல் கருக்கள் மட்டும் கூடினால் அதே நீரைப் பல துளிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். துளிகள் எட்டு மடங்கானால் ஒவ்வொன்றின் ஆரமும் பாதியாகும். மொத்தப் பரப்பு இரு மடங்காகும். பரப்பு கூடினால் மேகம் வெளுத்து, வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். 1970களில் இதை விளக்கிய ஷான் டூமியின் பெயரால் இது டூமி விளைவு எனப்படுகிறது.

இந்தியப் பெருங்கடலில் இதை நேரில் அளந்தது 1999இல் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு. அதன் தலைவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று தெற்காசியாவின் விறகடுப்பு, வாகனம், ஆலை ஆகியவற்றின் புகையைக் கடலுக்கு மேல் கொண்டுபோகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தூய காற்று. மாலத்தீவை ஒட்டிய மாசுபட்ட மேகங்களில் துளிகளின் எண்ணிக்கை தெற்கே இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகையில் உள்ள கரி இன்னொரு வேலையும் செய்கிறது: வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்கி மேகத்தைக் கரைக்கிறது.

சிறு துளிகள் எளிதில் ஒன்றுசேரா, மழை தாமதமாகும். பருத்த உப்புத்துகள் அங்கு இருந்தால் நிலைமை மாறும். அதன்மேல் வளரும் பெரிய துளி வழியிலுள்ள சிறு துளிகளைச் சேர்த்துக்கொண்டு மழையாக இறங்கி, மாசையும் கழுவிவிடும். மனிதப் புகையையும் கடலுப்பையும் ஒரே 'தூசி'க்குள் அடைத்தால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

'மிதவைத்துகள்' என்று எழுதலாம் என்பேன். மிதவை உயிரி ஏற்கெனவே பழகிய சொல், அதே வார்ப்பு. மிதப்பதை மட்டும் சொல்கிறது, நல்லது கெட்டது சொல்வதில்லை. கடலுப்பு மிதவைத்துகள், கரி மிதவைத்துகள் என்று முன்னொட்டுச் சேர்த்து எழுத வசதி. கலவையைக் குறிக்க நேர்ந்தால் காற்றுக்கரைசல் இருக்கட்டும்.

கப்பல் புகைக்கும் இச்சொல் பொருந்தும். இலங்கைக்குத் தெற்கே சென்று மலாக்கா நீரிணையை நோக்கும் கப்பல் தடத்தின் மேல், பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு மின்னல் வெட்டுவதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுத்த துளிகள் கீழேயே மழையாகிவிடாமல் நீர் உறையும் குளிருள்ள உயரத்துக்கு ஏறிப் பனியாகின்றன. பனித்துகள்களின் மோதலில் மின்னூட்டம் பிரிகிறது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அத்தடத்தில் மின்னலும் குறைந்திருக்கிறது.