50 தாண்டிய ஆண்களுக்கு: புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்குக் கடிதம் வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும்

இங்கிலாந்தில் 50 வயதானதும் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை கிட் தபாலில் வீடு தேடி வரும், 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. 65 வயதில் வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் பார்த்துப் பழகிய நம் ஆட்கள், புரோஸ்டேட்டுக்கும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) ஒருநாள் கடிதம் வரும், வந்தால் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. எல்லா ஆண்களையும் அழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் எதுவும் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் கிடையாது. நோய்ப் பரிசோதனைத் திட்டங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசியக் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவுப் பரிந்துரையும், புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உறுதியான ஆண்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னது. 40 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் என்எச்எஸ் ஹெல்த் செக்கில் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் பார்ப்பார்கள், பிஎஸ்ஏ அதில் சேராது.

இருப்பது வேறு ஒன்று. 50 வயது தாண்டிய எந்த ஆணும், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், குடும்ப டாக்டரான ஜிபியிடம் கேட்டு, நன்மை தீமைகளைப் பேசித் தெரிந்துகொண்டபின் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அறிகுறி இல்லாதவரிடம் ஜிபி தானாக இந்தப் பேச்சை எடுக்க மாட்டார், வழிகாட்டுதலே அப்படித்தான். அதனால் போனிலோ ஆன்லைன் படிவத்திலோ, "எனக்கு 50 தாண்டிவிட்டது, பிஎஸ்ஏ பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். அறிகுறி இருக்கிறதா என்று ரிசப்ஷனில் கேட்டால், இல்லை என்று சொல்வதற்குத் தயங்க வேண்டாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால், அம்மா வழியில் மார்பக அல்லது சூல்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், 45இலேயே பேச்சை ஆரம்பிப்பது நல்லது.

மொழி பிரச்சினை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. மகளை வைத்துக்கொண்டு சிறுநீர் கதையை எந்த அப்பா வாய் திறந்து சொல்லுவார்? அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

ஆசனவாயில் விரலை விட்டுப் பார்ப்பார்களே என்ற பயத்தில் பலர் போவதே இல்லை. பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கக் கையில் ரத்தம் எடுப்பது மட்டும்தான். விரல் பரிசோதனையை டாக்டர் சொன்னாலும், வேண்டாம் என்று மறுக்கலாம்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் கொஞ்சம் கவனம். சைக்கிள் மாதிரி கடும் உடற்பயிற்சி வேண்டாம், விந்து வெளியேறக் கூடாது, இரண்டுமே அளவை ஏற்றிவிடும். கடந்த ஆறு வாரத்துக்குள் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் தள்ளிப்போடுங்கள். முடி கொட்டுவதற்கோ புரோஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைட் மாத்திரை போடுபவர்கள் மறக்காமல் சொல்லுங்கள், அது அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆன்லைனில் வாங்கிப் போடுகிறவர்கள் என்றால் ஜிபி ரெக்கார்டில் அது இருக்காது.

அப்புறம் ரிசல்ட். இங்கேதான் குழப்பம், எல்லாரையும் அழைக்கும் திட்டம் வராததற்குக் காரணமும் இதுதான். பிஎஸ்ஏ கூடியிருப்பவர்களில் நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது, வயதானால் வரும் வீக்கமாகவோ தொற்றாகவோ இருக்கும். அளவு சரியாக இருப்பவர்களிலும் ஏழில் ஒருவருக்கு நோய் இருக்கலாம். இரவில் சிறுநீருக்கு நாலு தடவை எழும்புவது பல நேரம் அந்த வீக்கத்தால்தான். ஆரம்ப நிலைப் புற்றுநோய் பொதுவாக எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், சிறுநீர் நன்றாகப் போகிறது, எனக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கு செல்லாது.

அளவு கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அனுப்புவார்கள். புற்றுநோயா இல்லையா என்பதை 28 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது என்எச்எஸ் வைத்திருக்கும் இலக்கு. இப்போது பெரும்பாலும் முதலில் எம்ஆர்ஐ, சந்தேகம் இருந்தால்தான் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. முன்பு பிஎஸ்ஏ கூடியதும் நேரே பயாப்சி ஊசி என்று இருந்தது, அந்த வகையில் இப்போது எவ்வளவோ தேவலை.

நோய் உறுதியானாலும் உடனே ஆபரேஷன் என்று இல்லை. மெதுவாக வளரும் வகை என்றால் அவ்வப்போது பிஎஸ்ஏவும் எம்ஆர்ஐயும் எடுத்துக் கண்காணிப்பதே போதுமாக இருக்கலாம். 2023இல் வெளியான ப்ரோடெக்ட் ஆய்வில், புரோஸ்டேட்டுக்குள்ளேயே இருந்த நோய்க்கு ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு என்று மூன்று வழியில் போனவர்களையும் பார்த்தார்கள். சுமார் 15 வருடம் கழித்தும் மூன்று பிரிவிலும் 100இல் 97 பேர் அளவில் இந்த நோயால் சாகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவு, விறைப்புக் குறைவு எல்லாம் வரக்கூடும் என்பதால், அவசரப்பட்டுத் தலையாட்டாமல் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசிய ஆண்களுக்கு இது குறைவு என்பது உண்மைதான். இங்கிலாந்தில் வாழ்நாளில் வெள்ளையர்களில் எட்டில் ஒருவருக்கும் கறுப்பினத்தவரில் நாலில் ஒருவருக்கும் வரும்போது, ஆசியர்களில் 13இல் ஒருவர். ஒரு கல்யாண வீட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள், 13 ஒன்றும் பெரிய எண் இல்லை.

ரிசல்ட் வந்ததும் "நார்மல்" என்ற பதிலோடு போனை வைத்துவிடாமல், எண் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பலருக்கு என்எச்எஸ் ஆப்பிலேயே தெரியும். அடுத்தது எப்போது என்பதற்கும் நிலையான விதி கிடையாது, அதையும் ஜிபியிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.