அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வார்னிங் வந்தா அவசரப்பட்டு ஐபியை பிளாக் பண்ணாதீங்க

போன மாங்கா சீசன்ல ஒரு நாள் காலைல ஆறரைக்கே போன். கிருஷ்ணகிரில மாங்கூழ் ஃபேக்டரி வச்சிருக்கற அண்ணா. "தம்பி, நம்ம சைட்டை யாரோ ஹேக் பண்றாங்கப்பா, ராத்திரி பூரா மெயிலா கொட்டுது"ன்னார். நான் தர்மபுரில இருக்கேன், குளிச்சிட்டு லாகின் பண்ணி பாக்கறேன் அண்ணா, அதுவரைக்கும் எதையும் தொட வேணாம்னு சொல்லிட்டு வச்சேன். ஒன்பது மணிக்கு மறுபடி போன், இப்ப குரலே மாறிடுச்சு. "சைட்டே படுத்துருச்சுப்பா, டவுன்னு எஸ்எம்எஸ் வருது."

என் போன்ல தொறந்தா சைட் ஜம்முன்னு ஓடுது.

நடந்தது இதுதான். சர்வர்ல நடக்கறதை எழுதி வைக்கற ஃபைலான லாக்ல விழுந்த வார்னிங் ஒவ்வொண்ணும் மெயிலா போயிருக்கு. அந்த மெயில்ல இருந்த ஐபியை, அதாவது வந்தவனோட இன்டர்நெட் அட்ரஸை, ஃபேக்டரில கம்ப்யூட்டர் பாத்துக்கற பையன் தேடிப் பாத்திருக்கான், வெளிநாடுன்னு வந்திருக்கு, லாக்ல அந்த மாதிரி இருந்த நாலஞ்சு ஐபியையும் சேத்து ஃபயர்வால்ல, அதாவது சர்வரோட வாசல் காவல்ல, பிளாக் பண்ணிட்டான். ஆனா அதெல்லாம் நம்மளே காசு கட்டி வச்சிருக்கற மானிட்டரிங் சர்வீஸோட ஐபி. சைட் உசுரோட இருக்கான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து தட்டிப் பாக்கறவன் மூஞ்சில கதவை சாத்திட்டா, அவன் வீட்ல ஆளே இல்லன்னு தான சொல்லுவான்? பையனை திட்டல, நானும் ஆரம்பத்துல இதே வேலைய பண்ணவன் தான்.

லாகை தொறந்து முதல்ல நான் பாத்தது ஐபியை இல்ல, டைமை. 01:02:17, 01:07:17, 01:12:18, இப்படியே போகுது. சர்வர் டைம் உலகப் பொது நேரமான யூடிசில இருந்துச்சு, நம்ம ஊர் கணக்குக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும், இதை மறந்துட்டு ராத்திரி நடந்ததை பகல்ல தேடறவங்க நெறைய பேர். மணி அடிச்ச மாதிரி வர்றதுன்னா பெரும்பாலும் மெஷின் தான். மணிக்கு 12, நாளைக்கு 288. யார் யார் வந்தாங்கன்னு எழுதற அக்சஸ் லாக்ல அதே செகண்டுக்கு எதிர்ல யூசர் ஏஜென்ட், அதாவது வர்றவன் தன்னை பத்தி சொல்லிக்கற பேரை, பாத்தா மானிட்டர் பேரே இருக்கு. அந்தப் பேரை மட்டும் நம்பாதீங்க, யார் வேணா அந்த பேரை போட்டுக்கிட்டு வரலாம், மானிட்டரிங் கம்பெனிங்க தங்களோட ஐபி லிஸ்டை அவங்க சைட்லயே போட்டிருப்பாங்க, அதோட ஒத்துப் பாத்துட்டு பிளாக்கை எடுங்க.

சரி, மானிட்டர் ரெண்டு வருஷமா வந்துட்டு தான இருக்கு, இப்ப ஏன் புதுசா வார்னிங்? இதுதான் எனக்கு சுவாரசியமா இருந்த இடம். அந்த சைட்ல தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் உண்டு, வர்றவங்க பிரவுசர் அனுப்பற அக்செப்ட் லாங்குவேஜ் ஹெட்டரை (எனக்கு இந்த மொழி வேணும்னு சொல்ற குறிப்பு) படிச்சு எந்த மொழின்னு முடிவு பண்ணும். பிரவுசர் அதை எப்பவும் அனுப்பும். மானிட்டர் அனுப்பல. இல்லாத ஹெட்டரை கோடு போய் படிச்சா, சைட் எழுதியிருக்கற மொழியான பிஹெச்பி புலம்பும். பிஹெச்பி 7.4 வரைக்கும் அது வெறும் நோட்டீஸ், யாரும் கண்டுக்கறதில்ல, 2020 நவம்பர்ல வந்த 8.0ல இருந்து அதே விஷயத்தை வார்னிங்கா ஏத்திட்டாங்க. அண்ணா போன் பண்ணதுக்கு மொத நாள் சாயங்காலம் தான் ஹோஸ்டிங்ல பிஹெச்பி வெர்ஷனை மாத்தியிருக்காங்க. லாக்ல வார்னிங்னு பாத்தா உடனே மெயில் போடற மாதிரி எப்பவோ ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்ட் வேற எழுதி வச்சிருந்தான், வேற என்ன வேணும்.

உறுதிப்படுத்த சர்வர்ல இருந்தே கர்ல் (பிரவுசர் இல்லாம பக்கத்தை கேட்டு வாங்கற கமாண்ட்) போட்டுப் பாத்தேன். கர்லும் தானா அந்த ஹெட்டரை அனுப்பாது. போட்ட செகண்டே லாக்ல அதே லைன். ஹெட்டரை கையால சேத்து மறுபடி போட்டேன், லாக் அமைதி. இந்த மாதிரி நாமளே வார்னிங்கை வரவழைச்சு பாக்காம எதையும் சரி பண்ண ஆரம்பிக்காதீங்க, அப்புறம் எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

மருந்து ஒரே லைன். அந்த ஹெட்டரை படிக்கற இடத்துல ரெண்டு கேள்விக்குறி போட்டு, இல்லன்னா காலி ஸ்ட்ரிங்னு எடுத்துக்கன்னு சொன்னா போதும், காலின்னா தமிழ் பக்கம் காட்டு, அவ்ளோதான். எரர் ரிப்போர்ட்டிங்கையே அணைச்சு விட்டுடலாம்னு ஒரு நண்பர் சொன்னார், எனக்கு அதுல உடன்பாடில்ல. கூகுள் தேடலுக்காக சைட்டை படிக்க வர்ற கூகுள்பாட் கூட அந்த ஹெட்டர் இல்லாம தான் வரும். மானிட்டர் கிளப்பி விட்ட வார்னிங்னாலும் ஓட்டை நம்ம கோடுல தான் இருக்கு.

வெப்சைட்டை விட்டு போர்ட்டை, அதாவது சர்வரோட ஒவ்வொரு சேவைக்கும் இருக்கற நம்பர் போட்ட வாசலை, மட்டும் செக் பண்ற மானிட்டரும் உண்டு. சர்வர்ல லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச்சோட போர்ட் 22ஐ தட்டிட்டு பேசாம போயிடும், எஸ்எஸ்ஹெச் லாக்ல கனெக்ஷன் க்ளோஸ்டுன்னு விழும், மெயில் போர்ட்னா மெயில் சாஃப்ட்வேரான போஸ்ட்ஃபிக்ஸ் லாஸ்ட் கனெக்ஷன்னு எழுதும். இதுக்கு கோடுல பண்ண ஒண்ணும் இல்ல. லாகை பாத்து தானா ஐபியை தடுக்கற ஃபெயில்டுபேன் அதை தாக்குதல்னு நினைச்சு தடை போடாம இருக்க, மானிட்டர் ஐபியை அதோட விதிவிலக்கு லிஸ்ட்ல சேத்துடுங்க.

மானிட்டர் கிளப்பின வார்னிங் எல்லாம் போனதுக்கப்புறம் லாக்ல மிச்சம் இருந்தது மூணே லைன், அதுவும் அன்னைக்கு வந்ததில்ல, ரெண்டு வாரமா அங்கங்க கெடந்தது. என்கொயரி ஃபார்ம்ல இருந்து மெயில் போகல, பாஸ்வேர்ட் தப்புன்னு. மெயில் பாஸ்வேர்டை மாத்தினவங்க ஃபார்ம்ல மாத்தல. அந்த ஸ்கிரிப்ட் வார்னிங்கை மட்டும் தேடுனதால இது யாருக்கும் மெயிலா போகவே இல்ல. அண்ணாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதான் இந்த வருஷம் துபாய் பார்ட்டி ஒருத்தனும் பேசலயேன்னு பாத்தேன்"னார்.