சொல் விளக்கம்: ஹேமட்டோகிரிட்

டிங்கிக் காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்துவிட்டு வருபவரிடம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். சீட்டில் 85 என்று இருந்தால் வீடே கலங்கிவிடும். பிளேட்லெட் என்பது இரத்தம் உறைய உதவும் சிறு அணு. 85 என்பது 85,000 என்பதன் சுருக்கம். ஆயிரத்தை விட்டுத்தான் அச்சாகும். 150 முதல் 400 வரை இயல்பு. நண்டு சூப்பு, பப்பாளி இலைச் சாறு, 100 பிளஸ் எல்லாம் வரிசையாக வந்து சேரும்.

அதே சீட்டில் சில வரி மேலே எச்.சி.டி. என்று மூன்று எழுத்து இருக்கும். பக்கத்தில் 42 என்றோ 0.42 என்றோ ஓர் எண். இரண்டும் ஒன்றே, முன்னது விழுக்காடு, பின்னது பின்னம். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மருத்துவர் பிளேட்லெட்டோடு சேர்த்து, பல நேரம் அதற்கும் முன்னால், பார்ப்பது அந்த எண்ணைத்தான். அந்த மூன்று எழுத்தின் முழு வடிவம் ஹேமட்டோகிரிட்.

பொருள்

எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் இடம் எவ்வளவு என்பதே ஹேமட்டோகிரிட். 42 என்றால், 100 மில்லி இரத்தத்தில் 42 மில்லி சிவப்பணு. மிச்சம் பெரும்பாலும் பிளாஸ்மா என்னும் நீர்மம். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இடையில் மெல்லிய ஏடுபோல் கிடக்கும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பால் நிறுக்கும் இடத்தில் வாளியின் கனத்தை மட்டும் பார்த்துக் கூலி போட்டால் தண்ணீர் கலந்தவன் பிழைத்துக்கொள்வான். அதனால்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் உலர் ரப்பர் எத்தனை பங்கு என்று பார்த்தார்கள். தண்ணீர் விட்டால் பால் பெருகும், ரப்பர் பெருகாது, பங்கு இறங்கும். தண்ணீரை நீக்கினால் ரப்பர் ஒரு துளிகூடக் கூடாமலே பங்கு ஏறிவிடும். ஹேமட்டோகிரிட்டின் கணக்கும் இதுவே. அது ஏறியது என்றால் சிவப்பணு புதிதாக ஊறியது என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் எங்கோ போயிருக்கிறது.

சொல் வந்த வழி

கிரேக்கத்தில் ஹைமா என்றால் குருதி. கிரித்தேஸ் என்றால் தீர்ப்பாளர். அது கிரினெயின் என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குப் பிரித்தல் என்றும் தீர்மானித்தல் என்றும் இரண்டு பொருள். சுவீடனில் மாக்னஸ் பிளிக்ஸ், எஸ்.ஜி. ஹெடின் ஆகியோர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தபோது வைத்த பெயர் இது. முதலில் கருவியின் பெயர். பிறகு கருவி காட்டிய எண்ணுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1929-இல் மாக்ஸ்வெல் வின்ட்ரோப் அளவுக்கோடு போட்ட குழாயைக் கொண்டுவந்த பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் எடுக்கக்கூடிய சோதனையாயிற்று.

அதே கிரினெயினிலிருந்து கிளைத்த இன்னொரு சொல்லும் டிங்கி வார்டில் புழங்குகிறது: 'ஃபாசா கிரிட்டிக்கல்', மலாயில் நெருக்கடிக் கட்டம். காய்ச்சல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானமாகும் கட்டத்தைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் கிரிசிஸ் என்றார்கள். அந்தக் கட்டமும் அதைக் காட்டிக்கொடுக்கும் எண்ணும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, ஆனாலும் பொருத்தம்.

எப்படி அளக்கிறார்கள், எங்கே தவறும்

பழைய முறை கண்ணால் பார்க்கும்படி இருக்கும். 75 மி.மீ. நீளமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயில் முக்கால் அளவுக்கு இரத்தத்தை ஏறவிட்டு, ஒரு முனையைக் களிம்பால் அடைத்து, நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்று வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுவார்கள். அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிற நீர், நடுவில் சாம்பல் வெள்ளையில் நூல்போல் ஒரு கோடு. சிவப்பின் உயரத்தை மொத்த உயரத்தால் வகுத்தால் விடை. நடுக்கோட்டைச் சிவப்போடு சேர்த்து அளந்தால் எண் கூடிவிடும். களிம்பு சரியாக அடைபடாவிட்டால் அணுக்கள் ஒழுகி எண் குறையும்.

இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். அது எதையும் சுழற்றிப் பிரிப்பதில்லை. சிவப்பணுக்களை எண்ணி, ஒவ்வொன்றின் பருமனையும் அளந்து, பெருக்கிக் கொடுக்கிறது. பிரிக்காமலே பிரித்த கணக்கு.

இயந்திரம் சரியாக இருந்தாலும் இரத்தம் எடுக்கும் கை தவறலாம். கையில் வாரைக் கட்டிவிட்டு நரம்பு தேடிக்கொண்டே இருந்தால் நீர்மம் வெளியேறி அந்த இடத்து இரத்தம் அடர்ந்துவிடும். எண் பொய்யாக ஏறும். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே எடுத்தால் உப்புநீர் கலந்து பொய்யாக இறங்கும். இரண்டாவது தவறு கொடியது, ஏனென்றால் கசிவு நடப்பதையே அது மறைத்துவிடும். ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடுவரை இரத்தம் இல்லாவிட்டால் அதிலுள்ள உறையாமருந்து மிகையாகி அணுக்கள் சுருங்கும். எடுத்ததும் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் சிறு கட்டி உறைந்து எல்லா எண்ணும் கெடும். பிளேட்லெட் முதலில் கெடும்.

டிங்கியில் இந்த எண்ணுக்கு என்ன வேலை

டிங்கியில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் இரத்தம் கொட்டுவதால் அன்று, பிளாஸ்மா கசிவதால். காய்ச்சலின் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், பலருக்குக் காய்ச்சல் விடும் நேரத்தில், நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து நீர்மம் நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் தெளிந்துவிட்டான் என்று வீட்டில் நினைக்கும் நேரமும் இதுவே.

ஹேமட்டோகிரிட் அடிப்படை அளவிலிருந்து 20 விழுக்காடு ஏறினால் கசிவுக்கு வலுவான சான்று. பாங்காக்கில் சுசித்ரா நிம்மன்னித்யா குழந்தைகளிடம் செய்த மருத்துவ ஆய்வுகளை அடியாகக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட வழிகாட்டியின் வழியே இந்த அளவுகோல் பரவியது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தாதியர் பயிற்சியிலும் சிலர் இடறுவார்கள். 20 விழுக்காடு என்றால் 40-உடன் 20 கூட்டி 60 ஆவதில்லை. 40-இல் ஐந்தில் ஒரு பங்கு 8, ஆக 48.

அதைவிட முக்கியம், எதிலிருந்து ஏறியது என்பது. இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு முதல் நாள் 30. ஐந்தாம் நாள் 37. சீட்டில் 37-க்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி எதுவும் விழாது, இயல்பு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் 30-இல் 7 ஏறியது 23 விழுக்காடு. அவர் கசிந்துகொண்டிருக்கிறார். முதல் நாள் சீட்டு கையில் இல்லாதவர்களுக்காக மலேசிய சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: ஆணுக்கு 46-க்கு மேல், பெண்ணுக்கும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் 40-க்கு மேல் என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். மேலே சொன்ன பெண் அந்த வலையிலும் சிக்கமாட்டார். அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த எண் தங்கம். பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் எடுத்த அந்தத் துண்டுச் சீட்டை வண்டியிலேயே போட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவது நடக்கிற தவறு. சீட்டில் ஹீமோகுளோபின் மட்டும் இருந்தால் அதை மூன்றால் பெருக்குங்கள். 13 என்றால் ஏறக்குறைய 39. துல்லியமில்லை, ஒன்றுமில்லாததற்கு மேல்.

எண் இறங்குவதற்கும் இரு பொருள் உண்டு. டிரிப் ஏற்றிய பின் இறங்கி, நாடி அமைதியாகி, சிறுநீர் நன்றாகப் போனால் கசிவு நின்று நீர்மம் திரும்புகிறது. டிரிப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எண் இறங்கியும் நாடி ஓடுகிறது, அழுத்தம் சரிகிறது என்றால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது. அப்போது தேவை உப்புநீர் இல்லை, இரத்தம்.

பிளேட்லெட்டுக்கு எப்படி நாற்காலி கிடைத்தது

பெயரால் வந்த வினை. 1950-களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகள் இறந்தபோது நோய்க்கு 'இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்ற பெயர் நிலைத்தது. இரத்தம் கசிகிறது என்றால் உறையச் செய்யும் பிளேட்லெட்தானே குற்றவாளி என்று எண்ணம் போனது. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றி, எச்சரிக்கை அறிகுறி உள்ள டிங்கி, கடும் டிங்கி என்று பேசத் தொடங்கியும் பழைய பெயரின் நிழல் போகவில்லை.

ஆய்வுகள் இதை நேராகவே சோதித்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கியும் குறிப்பிடத்தக்க இரத்தப்போக்கு இல்லாத 372 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றினார்கள். 2017-இல் வெளிவந்த முடிவு: ஏற்றியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஏற்றாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் இரத்தக்கசிவு. தற்செயலால் வரக்கூடிய வேறுபாடுதான். பாதக விளைவுகளோ ஏற்றிய பக்கம் 13, ஏற்றாத பக்கம் 2. எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பை பையாக ஏற்றும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

பப்பாளி இலைக்கும் நம் நாட்டிலேயே ஆய்வு நடந்தது. கிள்ளானில் 228 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் சாறு கொடுத்துப் பார்த்ததன் முடிவு 2013-இல் வந்தது. குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் விரைவாக ஏறியது. ஆனால் ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வியே பிளேட்லெட் ஏறுமா என்பதுதான். கசிவு நிற்குமா என்பது வேறு கேள்வி. கசப்புச் சாற்றைக் குடித்து வாந்தி எடுப்பவருக்கு அது நட்டக்கணக்கு.

பிளேட்லெட் டிங்கிக்கே உரியதும் இல்லை. மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும் இறங்கும். டிங்கி தெளியும்போதும் வெள்ளணு முன்னால் ஏறும், பிளேட்லெட் பின்தங்கி வரும்.

தமிழில் என்ன சொல்வது

பிளேட்லெட்டுக்குச் சிக்கலே இல்லை. 1882-இல் இத்தாலிய மருத்துவர் பிட்சொசெரோ வைத்த பெயரே சிறு தட்டு என்ற பொருளுடையது. இலங்கையில் குருதிச் சிறுதட்டு, தமிழ்நாட்டுப் பாடநூலில் இரத்தத் தட்டு, தட்டணு என்றும் எழுதலாம்.

ஹேமட்டோகிரிட்டுக்கு அப்படி ஊரறிந்த சொல் இல்லை. மலாயில் தாதி 'டாரா பெக்காட்' என்று சொல்வதைக் கேட்டு, வீட்டில் வந்து "ரத்தம் கெட்டியாயிருச்சாம்" என்று சொல்வோம். இந்த மொழிபெயர்ப்பு ஆளைக் கொல்லக்கூடியது. கெட்டியான ரத்தம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது இதய நோயாளிக்குக் கொடுக்கும் 'ரத்தம் இளக்கும் மாத்திரை'. அப்பா டப்பாவில் ஆஸ்பிரின் இருக்கும். டிங்கியில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் கூடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். கெட்டியாதல் வேறு, உறைதல் வேறு. தண்ணீர் வற்றிய குழம்பு கெட்டியாகிறது. புரை ஊற்றிய பால் உறைகிறது.

'குருதியடர்வு' என்று எழுதலாம். அழகான சொல். ஆனால் எது அடர்ந்தது என்று சொல்லவில்லை. சர்க்கரை கூடினாலும் கொழுப்பு கூடினாலும் குருதி அடர்ந்தது என்று ஒருவர் நினைக்க இடமிருக்கிறது. 'செங்குழியக் கனவளவு' இலங்கை வாசகருக்குப் புரியும், சீட்டில் எழுத நீளம். எங்கள் தேர்வு சிவப்பணுப் பங்கு. அளப்பது எதை என்று முதற்பாதி சொல்கிறது, அது முழுமையில் ஒரு கூறு என்று பிற்பாதி சொல்கிறது. பங்கு, பகுதி, பகிர்வு எல்லாம் பகு என்ற வேரை ஒட்டியவை. பகுத்தல் என்றால் பிரித்தல். பகுத்தறிதல் என்றால் தீர்மானித்தல். கிரினெயினின் இரண்டு பொருளும் தமிழில் ஏற்கெனவே ஒரே வேரில் இருக்கின்றன, கிரேக்கத்திடம் கடன் கேட்க வேண்டியதில்லை.

புழங்கும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் நாளையும் பழைய எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அம்மாவுக்குச் சிவப்பணுப் பங்கு ரெண்டாம் நாள் 36, இன்னிக்கு அஞ்சாம் நாள் 43" என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள், கிளினிக்குக்குப் போன நாள் இல்லை. 36-இல் 7 ஏறினால் 19 விழுக்காடு. கூடவே வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் 20 ஆகட்டும் என்று காத்திருக்காமல் வண்டியை எடுக்க வேண்டும். இரண்டு சீட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.